சில்லறைப் பையில் வெள்ளி தேடின கதை

சனிக்கிழமை இரவு எட்டரைக்குச் சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் சில்லறைப் பையை அவிழ்த்துக் கொட்டுவேன். விரிப்புப் போடாமல் ஒருநாள் கொட்டினேன். நூறு ஐந்து ரூபாக் குத்தி வெறும் பலகையில் விழுகிற சத்தத்துக்கு அறைக்குள் படுத்திருந்த மனிசி, அலுமாரி சரிந்துவிட்டது என்று ஓடி வந்தாள். அன்றிலிருந்து விரிப்பு.

அந்த நேரம் நியூ ஜேர்சியில் சனி காலை பத்து மணி. என் அக்காவின் மகன் அங்கே தன் மேசையில் அரை டொலர்களைக் கொட்டிவைத்துக்கொண்டு போனில் வருவான். கோடையில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிவிட்டால் எனக்கு ஏழரைக்கே அழைப்பு வந்துவிடும். கடை பூட்டியிருக்க மாட்டேன். தராசுக்குப் பக்கத்தில் போனைச் சாத்திவைத்துவிட்டு, பருப்பு நிறுத்தபடியே அவன் காசு பார்ப்பதைப் பார்ப்பேன்.

இந்தப் பைத்தியம் அவனால் தொற்றியதுதான். அவன் சனிக்கிழமைகளில் செய்கிற வேலை இது. வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைத்து அரை டொலர் பெட்டி ஒன்று எடுப்பான். பெட்டிக்குள் 50 றோல், றோலுக்கு 20 காசு. மொத்தம் ஆயிரம் காசு, 500 டொலர். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, வெள்ளி இருந்தால் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு வங்கியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவான். போட்ட முதல் அப்படியே திரும்பி வரும். செலவு பெற்றோலும் நேரமும்தான்.

"காசுக்குள்ள வெள்ளியை யாரடா விட்டுவைச்சிருப்பாங்கள்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"இஞ்ச பாருங்கோ மாமா" என்று இருபது காசையும் ஒன்றாகச் சேர்த்து விரலிடுக்கில் பிடித்து விளிம்பைக் கமராவுக்குக் காட்டினான். எல்லா விளிம்பிலும் செம்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. ஒன்றில் மட்டும் கோடு இல்லை, மங்கல் வெள்ளையாக இருந்தது. அதை உருவி எடுத்துத் திருப்பினான். 1967.

அமெரிக்காவில் 1964 வரைக்கும் பத்து சதம், கால் டொலர், அரை டொலர் மூன்றிலும் 90 வீதம் வெள்ளி. 1965இல் சட்டம் போட்டு முதல் இரண்டிலும் வெள்ளியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அரை டொலரில் மட்டும் 40 வீதமாகக் குறைத்து 1970 வரைக்கும் இழுத்தார்கள். 1971இலிருந்து அதுவும் இல்லை. செம்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த தகட்டை ஒட்டி அடித்தார்கள். அந்த நடுச் செம்புதான் விளிம்பில் கோடாகத் தெரிகிறது. 1964ஆம் ஆண்டின், கென்னடி முகம் பொறித்த அரை டொலர் கிடைத்தால் 12.5 கிராமில் 11.25 கிராம் சுத்த வெள்ளி. அரை டொலர் என்று வாங்கினதை அரை டொலருக்கு விற்க எந்த மடையனுக்கும் மனம் வராது.

அவனுக்கும் பெட்டிக்குப் பெட்டி கிடைப்பதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் காசையும் பார்த்துவிட்டு வெறும் கையோடு எழும்பின சனிக்கிழமைகள்தான் அதிகம். 1980 தொடக்கத்தில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டொலரை எட்டிப் பிடித்தபோது ஊரில் இருந்ததை எல்லாம் வாரி உருக்கிவிட்டார்களாம். அதற்குத் தப்பினது, யாரோ ஒரு கிழவர் செத்துப்போக அவர் சேர்த்துவைத்ததை விஷயம் தெரியாத பிள்ளைகள் அப்படியே வங்கியில் கொண்டுபோய்க் கட்டினது, இப்படித்தான் றோலுக்குள் வருகிறது.

எனக்கு என்.சி. வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக்கடை. மிச்சம் கொடுக்கச் சில்லறை இல்லாமல் அந்தரப்படாத கடைக்காரன் திருகோணமலையில் இல்லை. பத்து ரூபாவுக்குப் பதில் ரொபி கொடுத்தால் சனம் ஒரு காலத்தில் வாங்கிக்கொண்டு போனது, இப்போது முறைக்கிறது. ஆகவே வங்கியில் பொலித்தீன் பையில் கட்டின சில்லறையைக் கிழமைக்கு ஒருதரம் எடுப்பது எனக்குப் பழக்கம்தான். மருமகன் காட்டின அன்று யோசித்தேன்: நானும்தான் பை பையாக எடுக்கிறேன், ஒருநாளாவது ஒன்றைத் திருப்பிப் பார்த்தேனா?

அடுத்த சனி தொடங்கினேன். மூன்று வருஷம் ஆகிறது. கொப்பியில் எழுதி வைத்திருக்கிற கணக்குப்படி இதுவரைக்கும் 41,300 குத்தி பார்த்திருக்கிறேன். வெள்ளி எத்தனை? பூச்சியம்.

முதல் இரண்டு மாதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

விஷயம் இதுதான். இலங்கையிலும் வெள்ளிக் காசு இருந்தது. 1872இலிருந்து இங்கே ரூபாவும் சதமும். 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களை வெள்ளியில் அடிக்கத் தொடங்கினார்கள், 80 வீதம் வெள்ளி. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், ஐம்பது சதத்தில் 55 வீதமாகக் குறைத்தார்கள். கடைசி வெள்ளி ஐம்பது சதத்தில் 1942 என்று இருக்கும். 1943இல் வந்த ஐம்பது சதம் பித்தளைக் கலவை, நிறம் மஞ்சள். இங்கேதான் கதை முடிகிறது. அமெரிக்கன் வெள்ளியை எடுத்துவிட்டு வெள்ளை நிறத்தையே வைத்திருந்தான். அதே அளவு, அதே முகம். விளிம்பைப் பார்க்கத் தெரியாதவன் கையில் இருந்து கைக்கு அது போய்க்கொண்டே இருந்தது. இங்கே வெள்ளைக் காசுக்குப் பக்கத்தில் மஞ்சள் காசை வைத்தால் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் எது எதென்று தெரியும். ஒரு வெள்ளையாவது வங்கிக்குத் திரும்பிப் போயிருக்குமா? பத்து சதத்தின் கதையும் அதுதான். 1941இல் வட்ட வெள்ளி, 1944இல் பூவிதழ் மாதிரி வளைவு வளைவான விளிம்போடு பித்தளை. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லலாம்.

போதாததற்கு விலைவாசி. அமெரிக்காவில் அரை டொலர் இன்றைக்கும் அரை டொலர்தான், வங்கியில் கேட்டால் கிடைக்கும். இங்கே ஐம்பது சதத்தை யாராவது கண்ணால் கண்டு எத்தனை வருஷம்? என் கடையில் ஐம்பது சதத்துக்கு விற்கிற சாமான் எதுவும் இல்லை. ஒரு கருவேப்பிலைக் காம்புகூடக் கொடுக்க மாட்டேன். காசே புழக்கத்தை விட்டுப் போனபிறகு அதற்குள் வெள்ளி எங்கே இருக்கும்.

இதைக் கேட்டு மருமகன் சிரித்தான். "அப்ப என்னத்துக்கு மாமா இன்னும் பாக்கிறீங்கள்?"

அதற்குப் பதில் ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றினது, உள்ளங்கை அளவு. ஐந்து ரூபாக் குத்திகளைப் பரப்பிவைத்து அதன் மேல் இதைப் பிடித்தால் பெரும்பாலானவை டக்கென்று துள்ளி ஒட்டிக்கொள்ளும். சில மட்டும் அசையாமல் கிடக்கும். அசையாதவைதான் பழையவை. 1984இல் இந்த ஐந்து ரூபா முதலில் வந்தபோது முழுக்கப் பித்தளைக் கலவை. 2005இல் உள்ளே உருக்கை வைத்து மேலே பித்தளை முலாம் பூசினார்கள். அதே அகலம், அதே மஞ்சள். அமெரிக்கன் 1965இல் வெள்ளியில் செய்த வித்தையை நம்மவர்கள் நாற்பது வருஷம் கழித்துப் பித்தளையில் செய்திருக்கிறார்கள்! என் சின்னத் தராசில் பழையது 9.5 கிராம் நிற்கிறது. புதியது கிட்டத்தட்ட இரண்டு கிராம் குறைவு. மேசையில் தட்டினால் பழையது கோயில் மணியின் கடைசிப் பேத்தி மாதிரி ஒரு ஓசை தரும், புதியது தகரம்.

கண்ணுக்கும் ஒரு அடையாளம் இருக்கிறது. கடற்கரை ஊரில் கடை வைத்திருப்பவனுக்குத்தான் இது தெரியும். மீன் சந்தைப் பக்கமிருந்து வருகிற காசில், முலாம் தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் துரு பிடித்திருக்கும். பித்தளை கறுக்கும், பச்சை பிடிக்கும், துருப்பிடிக்காது. டச்சுக் குடாவில் வலை இழுக்கிற ஒருவர் என்னிடம் தருகிற ஐந்து ரூபாவை மோந்து பார்த்தே பையில் பிரித்துப் போடலாம்.

ஒரு பையில் இப்போது பித்தளை ஐந்து ரூபா எத்தனை வரும் என்று கொப்பியில் எழுதுகிறேன். முதல் வருஷம் நூறுக்குப் பதினொன்று பன்னிரண்டு வந்தது. இந்த வருஷம் ஏழு. என்னைப் போல இன்னொருவன் எங்கேயோ உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் படுகிறது. அவனைக் கண்டால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன்.

இடையிடையே வேறு வந்தவையும் உண்டு. 1996 உலகக் கிண்ணத்தை நினைத்து 1999இல் அடித்த ஐந்து ரூபா நாலு. சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டுக்கு 1998இல் வந்த இரண்டு நிறப் பத்து ரூபா ஒன்றே ஒன்று, அதையும் வாடிக்கையாளர் ஒருவர் கள்ளக்காசு என்று சொல்லித் திருப்பித் தந்ததால்தான் என்னிடம் நின்றது. 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக 2013 என்று பொறித்துப் பத்து ரூபா அடித்தார்கள் அல்லவா, அதில் அம்பாந்தோட்டை மட்டும் ஆறு சேர்ந்துவிட்டது. திருகோணமலை வரவில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு திருகோணமலைக் காசு கிடைக்காதது ஏன் என்று கொஞ்சநாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். பிறகு பிடிபட்டது: ஊரில் கண்டவன் எல்லாம் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டான். அம்பாந்தோட்டைக் கடைக்காரன் ஒருவனுடைய மேசையில் நம் ஊர்க் காசு ஆறு கிடக்கும். மாற்றிக்கொள்ள ஆள் அகப்படவில்லை.

மானக்கேடான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தொடங்கின புதிதில், பார்த்து முடித்த பைகளில் கடைக்குத் தேவையில்லாததைத் திரும்ப வங்கியில் கட்டினேன். "எடுக்கிற இடத்தில கட்டாதேங்கோ மாமா, கட்டுறதுக்கு வேற வங்கி வைச்சிருங்கோ" என்று மருமகன் சொல்லியிருந்தான். அவனுக்கென்ன, காரில் ஏறினால் பத்து வங்கி. எனக்கு எல்லா வங்கியும் நடந்துபோகிற தூரத்தில், எல்லாக் கவுண்டரிலும் தெரிந்த முகம். ஒருநாள் கட்டின பையை மெசினில் கொட்டினார்கள். 99 என்று நின்றது. திரும்ப ஓட்டினார்கள். 99. முதல்நாள் இரவு கிரிக்கெட் காசு ஒன்றை எடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒன்று போட மறந்திருக்கிறேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். கவுண்டரில் இருந்த பிள்ளை குரலை உயர்த்தி, "ஐயா, நாங்க கட்டித் தாற பையைப் பிரிச்சுத்தான் திரும்பக் கொண்டு வாறீங்களா?" என்று கேட்டாள். அஞ்சு ரூபாவைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து வைத்தேன். கை நடுங்கினது. ஒரு ஐந்து ரூபாவுக்காக மனுசன் இவ்வளவு கூனிக் குறுக முடியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் அதே பிள்ளை என்னைக் கண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வங்கிக்குத் திருப்பிக் கட்டுவதே இல்லை. எல்லாம் கடைக்குள்ளேயே சுழல்கிறது. பதிலுக்குப் போட என்று தனியாக ஒரு ஜாம் போத்தலில் புதுக் குத்தி வைத்திருக்கிறேன்.

வெள்ளி வந்தது வங்கியில் இருந்து அல்ல.

சில்லறைக்குத் தாள் மாற்றிக் கொடுக்கிற கடை என்று என் பெயர் அடிபட்டுப்போனது. உண்டியல் உடைத்த பிள்ளைகள் வருவார்கள், கச்சான் விற்கிற அம்மா வருவா. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, சாம்பல்தீவுப் பக்கம் இருந்து ஆச்சி ஒருவர் வந்தா. எண்பதைத் தாண்டியிருக்கும். குடையை வாசலில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த புகையிலை ரின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா. மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன்.

மேலே ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும். அதற்குக் கீழே சதுர ஐந்து சதங்கள், நாங்கள் சின்னதில் ஐஸ்பழத்துக்குக் கொடுத்தவை. அதற்கும் கீழே கறுத்த செம்பு. ரின்னைச் சரித்தபோது, அடியில் ஒட்டியிருந்த ஒன்று கடைசியாகக் கழன்று விழுந்தது. சத்தம் வித்தியாசமாக இருந்தது. மற்றவை சலசலத்தன. இது ஒருதரம் ஒலித்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அடங்கினது.

எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் கிரீடத்தோடு ஆறாம் ஜோர்ஜ். மறுபக்கம் தாளிப்பனை. 1942. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், திரும்பியும் பார்க்கவில்லை. தராசில் 5.8 கிராம். இந்திய அரை ரூபாவின் அதே நிறை. நம் ரூபாவே இந்திய ரூபாவின் ஒட்டில் முளைத்ததுதானே. 55 வீதம் என்றால் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் மேலே வெள்ளி. இதற்கா மூன்று வருஷம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கை மட்டும் சூடாகிவிட்டது.

"ஆச்சி, இது ஆருடைய ரின்?"

"அப்பாவின்ர. டொக்யாட்டில வேலை செய்தவர். சம்பளத்தில மிஞ்சுறதை இதுக்குள்ளதான் போடுவாராம்."

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டான். ஊர் பாதி காடு கரம்பைக்கு ஓடியது என்று என் அப்பப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆச்சி அப்போது பிறக்கவே இல்லையாம், தமக்கைதான் கைக்குழந்தை. ரின்னும் கூட ஓடியதா என்று கேட்டேன். "அதுக்குப் பிறகு 83, 90, சுனாமி எல்லாத்துக்கும் ஓடினது. முதலாவது ஓட்டம் எனக்குத் தெரியாது" என்றா.

சொல்லாமல் ஐம்பது சதக் கணக்கில் போட்டு எடுத்திருக்கலாம். அந்த எண்ணம் வரவே இல்லை என்று எழுதினால் பொய். மருமகன் வங்கியில் இருந்து எடுப்பதில் எனக்கு ஒரு குற்றமும் தெரிவதில்லை, வங்கிக்குத் தெரிந்தும் அக்கறை இல்லை. ஆச்சிக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம். சொன்னேன். "ஆச்சி, இது வெள்ளி. மற்றதுகளைப் போல இல்லை. நகைக்கடையில ஒருக்கா காட்டிப் போட்டு வாங்கோ."

ஆச்சி அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மிச்சத்துக்குத் தாளை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டா. சதுர ஐந்து சதங்களை எனக்கே சும்மா தந்துவிட்டா. அன்றிரவு மருமகனிடம் படத்தைக் காட்டக்கூட முடியவில்லை, படம் எடுக்க மறந்துவிட்டேன். "மாமா, நீங்கள் வியாபாரியே?" என்றான்.

மூன்றாம் நாள் ஆச்சி திரும்பி வந்தா. குடை, சேலை முடிச்சு எல்லாம் அப்படியே.

"பத்தர் உரைச்சுப் பாத்திட்டு, அரைவாசி செம்பு, எடுக்கேலாது எண்டிட்டான்."

"அப்ப என்ன ஆச்சி செய்யப் போறியள்?"

"நீ சொல்லு, எவ்வளவு தாறாய்?"

வெள்ளி விலைக்குக் கணக்குப் போட்டு ஒரு தொகை சொன்னேன். ஆச்சி தலையை ஆட்டினா. "அண்டைக்கு நீ அதை நாலு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தனீ. தராசில வைச்சனீ, எடுத்தனீ, பிறகும் வைச்சனீ. பத்தர் ஒருக்காத்தான் பாத்தவன். உனக்கு விலை வேற."

கடைசியில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவும் ஒரு பால்மாப் பக்கற்றும். வெள்ளியின் பெறுமதிக்கு மேலேதான். மனிசி பில் புத்தகத்தைப் பார்த்து "பால்மா ஆருக்கு எழுதினது?" என்று கேட்டாள். பொழுதுபோக்குச் செலவு என்றேன்.

காசு இப்போது ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் இருக்கிறது. கழுவவில்லை. கழுவினால் சேகரிப்பவர்கள் மதிப்புக் குறைப்பார்கள் என்பது ஒரு காரணம். அடியில் ஒட்டியிருந்த பக்கம் ரின்னின் துரு வளையமாகப் படிந்திருக்கிறது, அது போகக் கூடாது என்பது மற்றது. மருமகன் 1967 அரை டொலர் ஒன்றுக்கு மாற்றக் கேட்டான். அதில் வெள்ளி 4.6 கிராம், எனக்குத்தான் இலாபம் என்று கணக்கும் காட்டினான். மாட்டேன் என்றுவிட்டேன்.

சனிக்கிழமை விரிப்பு இன்னும் போடுகிறேன். பித்தளைக் கணக்கு நிற்கக் கூடாது. ஆனால் வங்கிப் பையைவிட இப்போது என் கவனம் வாசலில்தான். பால்மாவை வாங்கிக்கொண்டு போகும்போது ஆச்சி வாசலில் நின்று குடையை விரித்தபடியே சொன்னா, அப்பாவின் ரின் இன்னொன்றும் இருக்கிறதாம், அது பெரிசாம், அட்டத்தில் இருக்கிறதாம். தன்னால் ஏறி எடுக்க முடியாதாம். கட்டாரில் இருந்து மகன் மாசியில் வருகிறானாம்.